ஐம்பத்தோராவது கரண்டி

அந்தக் காலத்தில் என் அக்காவின் பெயரைச் சொல்லி எங்கள் பகுதியில் விசாரித்தால் யாருக்கும் தெரியாது. ‘கரண்டியக்கா வீடு எது?’ என்று கேட்டால் போதும், மூன்று பிள்ளைகள் முன்னால் ஓடி வழிகாட்டும், இரண்டு பிள்ளைகள் எதிர்ப்பக்கம் ஓடி ஒளியும். வழிகாட்டுகிறவை மருந்து குடித்து முடித்தவை. ஒளிகிறவை இன்னும் குடிக்காதவை.

அவள் போன வாரம் இறந்துவிட்டாள். இருபத்தேழு வருடங்களாக அவள் அந்த வேலையில் இல்லை. ஆனாலும் இறுதி ஊர்வலத்தில் வந்தவர்களில் பாதிப் பேர் “கரண்டியக்கா” என்றுதான் சொல்லி அழுதார்கள். தாடி வைத்த ஆட்கள், பிள்ளை பெற்ற பெண்கள். ஒவ்வொருவர் வாயிலும் அவள் ஒரு காலத்தில் கரண்டியை விட்டிருக்கிறாள்.

அவள் வேலை பார்த்த குழந்தைகள் மையம் ஒரே ஓர் அறை. தகரக் கூரை. நடு உத்தரத்தில் எடை பார்க்கும் தராசு, அதில் தொட்டில் மாதிரி ஒரு துணிப்பை. சுவரில் கீரை, பழம், முட்டை, பால் படங்கள். நனைந்து நனைந்து முட்டைப் படம் மட்டும் பழுப்பாகிவிட்டிருந்தது. அங்கே ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கு எடை போடுவதும், வாரத்தில் இரண்டு நாள் அவித்த முட்டை கொடுப்பதும், இரும்புச்சத்துச் சொட்டு மருந்தும் சத்துப்பொடிப் பொட்டலமும் வீட்டுக்குக் கொடுத்தனுப்புவதும் அக்காவின் வேலை. ஆறு மாதத்துக்கு ஒருமுறை வைட்டமின் ஏ மருந்து வரும். மஞ்சளாக, எண்ணெய் மாதிரி, பிசுபிசுவென்று இருக்கும். புட்டியோடு ஒரு வெள்ளைப் பிளாஸ்டிக் கரண்டியும் வரும். அதன் உள்ளே பாதியில் ஒரு கோடு. ஒரு வயது ஆகாத பிள்ளைக்குக் கோடு வரை, அதற்கு மேற்பட்டவர்களுக்குக் கரண்டி நிறைய.

அந்த ஒரு கரண்டிதான் பிள்ளையின் கண்ணுக்குக் காவல் என்று அவளுக்குச் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். அதை அவள் நம்பினாள். வேலைக்காக அல்ல, மனதார நம்பினாள்.

மருந்துச் சுற்று வந்தால் அவள் மையத்தில் உட்கார்ந்து காத்திருக்க மாட்டாள். புட்டியைத் துணிப்பையில் போட்டுக்கொண்டு வீடு வீடாகப் போவாள். வாயைத் திறக்காத பிள்ளைகளுக்கு அவளிடம் ஒரு வித்தை இருந்தது.

“நாக்கை நீட்டு. உள்ள பூனை இருக்கான்னு பார்க்கணும்.”

“பூனை எப்படி உள்ள வரும்?”

“அதான் பார்க்கணும்கிறேன். ராத்திரி நீ வாயைத் திறந்துகிட்டுத் தூங்கினியாமே.”

பிள்ளை சந்தேகத்தோடு நாக்கை நீட்டும். கரண்டி உள்ளே போய் வெளியே வந்துவிடும்.

தாய்மார்களைச் சமாளிப்பதுதான் கஷ்டம். இரும்புச்சொட்டு குடித்த பிள்ளைக்கு மலம் கறுப்பாகப் போகும். அதைப் பார்த்துப் பயந்து பாதிப் பேர் நிறுத்திவிடுவார்கள். ஒருநாள் ஒரு கொத்தனார் பிள்ளையின் துணியையே ஆதாரமாகக் கையில் தூக்கிக்கொண்டு சண்டைக்கு வந்துவிட்டார்.

“பிள்ளை வயித்துக்குள்ள தார் ஊத்திட்டியா நீ?”

அக்கா மூக்கைப் பிடித்துக்கொண்டே பதில் சொன்னாள். “அண்ணே, உள்ள போனது இரும்பு. வெளிய வர்றப்ப பூவா வரும்? இதை முதல்ல கொண்டுபோய் அலசுங்க, மீதியை அப்புறம் பேசலாம்.”

சத்துப்பொடியிலும் அப்படித்தான். ஒரு பிள்ளைக்கு ஒரு நாளைக்கு ஒரு பொட்டலம். அதைப் பிள்ளையின் கிண்ணத்தில் மட்டும் கலக்க வேண்டும். ஆனால் எந்த வீட்டிலும் பிள்ளைக்கென்று தனிக் கிண்ணம் கிடையாது. எல்லோருக்குமான கஞ்சிப் பானையில் கொட்டிக் கிண்டிவிடுவார்கள். “ஏழு பேர் குடிக்கிற பானையில இதைக் கொட்டினா பிள்ளைக்கு என்ன போகும்? வாசனையா?” என்று கத்துவாள். பிறகு எங்கள் வீட்டிலிருந்தே பழைய கிண்ணங்களை ஒவ்வொன்றாகக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டாள். கடைசியில் எங்கள் வீட்டில்தான் கிண்ணம் இல்லாமல் போயிற்று.

அவள் கணவர் லாரி ஓட்டுநர். மாதத்தில் இருபது நாள் சாலையில்தான் இருப்பார். நான் கல்லூரிப் படிப்புக்காக அவர்கள் வீட்டில் தங்கியிருந்தேன். அவர்களுக்கு ஒரே மகள். பிறக்கும்போது கைக்கு அடங்கியவளாக இருந்ததால் ‘சுண்டெலி’ என்று மாமா கூப்பிட்டார். அந்தப் பெயரே நிலைத்துவிட்டது.

சுண்டெலிக்கு ஒரு வயது முடிந்தபோது ஒரு மருந்துச் சுற்று வந்தது. எங்கள் வீடு மையத்துக்கு அடுத்த வீடு என்பதால் அக்கா அங்கிருந்தே தொடங்கினாள். முதல் கரண்டி சுண்டெலிக்கு. அப்படியே வரிசையாகப் போய், கடைசி வரிசை வீடுகளுக்குப் போனபோது புட்டியில் மருந்து தீர்ந்துவிட்டது. விடுபட்டது ஒரே ஒரு பிள்ளை, தையல்காரம்மாவின் மகன்.

தையல்காரம்மா மெஷினை நிறுத்தவில்லை. மிதித்துக்கொண்டே சொன்னாள். “தீராம என்ன செய்யும்? தன் மகளுக்கு முதல் கரண்டி. எங்க பிள்ளைக்குப் புட்டி கழுவின தண்ணி. முட்டையும் அப்படித்தான் போகுதோ என்னமோ, யார் கண்டா?”

அக்கா திரும்பி வந்தாள். மறுநாள் மருந்துக் கிடங்குக்கு நடந்தே போய், வேறு ஒரு மையத்தில் மிஞ்சிய மருந்தை வாங்கி வந்து அந்தப் பையனுக்குக் கொடுத்தாள். ஆனால் அந்த வார்த்தை அவளுக்குள் முள்ளாகத் தங்கிவிட்டது. அதன் பிறகு அவள் மருந்துச் சுற்றைக் கடைசி வரிசையிலிருந்துதான் தொடங்கினாள். சொந்த வீட்டுக்குக் கடைசியாகத்தான் வருவாள். மையத்தில் முட்டை கொடுக்கும் நாளில் சுண்டெலியின் பங்கை, எடை மிகக் குறைந்த பிள்ளை எதுவோ அதற்குக் கொடுத்துவிடுவாள்.

“உன் மகளும் பட்டியல்ல இருக்காளே? அவ முட்டையை அவளுக்குக் குடுத்தா என்ன?” என்று நான் கேட்டேன்.

“அவ வீட்டுல சாப்பிட்டுப்பா. இங்க பத்துக் கண்ணு பார்க்குது.”

வீட்டில் என்ன இருந்தது? அக்கா காலையிலேயே போய்விடுவாள், நான் கல்லூரிக்குப் போய்விடுவேன். உப்புப் போட்ட கஞ்சிதான் பெரும்பாலும். கீரையைக் கண்டால் சுண்டெலி “பச்சைப் பூச்சி” என்று துப்பிவிடுவாள். சுவரில் இருந்த படங்களையெல்லாம் விரல் வைத்துச் சரியாகச் சொல்வாள். அவற்றில் எதுவும் அவள் தட்டுக்கு வரவில்லை.

ஒரு புட்டியில் ஐம்பது கரண்டி. அக்காவின் பட்டியலில் ஐம்பத்தொரு பிள்ளைகள். போன வருடப் பட்டியலை வைத்துக்கொண்டு புட்டி அனுப்புவார்கள். பிள்ளைகள் அவர்களுடைய பட்டியலைப் பார்த்தா பிறக்கிறார்கள்? அரைக் கரண்டிக்காரர்களால் கொஞ்சம் மிஞ்சும், துப்புகிறவர்களாலும் சிந்துகிறவர்களாலும் அதுவும் போய்விடும். ஆக, கடைசியில் ஒரு பிள்ளைக்கு இருக்காது. அந்தக் கடைசிப் பிள்ளை எங்கள் வீட்டில் இருந்தது.

இத்தனைக்கும் அந்த மருந்தை ஆசையாகக் கேட்ட ஒரே பிள்ளை அவள்தான். அம்மா துணிப்பையோடு வாசலில் ஏறினாலே ஓடி வந்து நாக்கை நீட்டிக்கொண்டு நிற்பாள். அந்தப் பூனை விளையாட்டை மையத்தில் தினமும் பார்த்தவள் அல்லவா?

“எனக்கு?”

“உனக்கு நாளைக்கு, என் தங்கம்.”

“பூனை பார்க்க வேணாமா?”

“நாளைக்குப் பார்க்கலாம்.”

கிடங்குக்காரரிடம் கேட்டுப் பார்த்தாள். அவர் கெட்டவர் இல்லை. “ஒரு பிள்ளைக்காக ஒரு புட்டியைத் திறந்தா, மீதி நாற்பத்தொன்பதை நான் குடிக்கிறதாம்மா? திறந்ததை ரொம்ப நாள் வைக்கவும் கூடாது. பக்கத்து மையத்துல மிஞ்சினா சொல்றேன்” என்றார். மிஞ்சவில்லை. எல்லா மையத்திலும் ஒன்றிரண்டு பிள்ளைகள் பட்டியலை விட அதிகமாகத்தான் இருந்தன.

இப்போது என்னைப் பற்றிச் சொல்ல வேண்டிய இடம்.

அக்காவுக்குக் கையெழுத்து கோழி கிளறியது மாதிரி இருக்கும். என் கையெழுத்து அச்சு மாதிரி என்பதால் பதிவேடு எழுதுவது என் வேலையாயிற்று. சுற்று முடிந்த மத்தியானம் அவள் தரையில் படுத்து, வீங்கிய கால்களைச் சுவரில் தூக்கி வைத்துக்கொண்டு சொல்வாள். “கொத்தனார் பொண்ணு, குடுத்தாச்சு. இரட்டையில பெரியவன், குடுத்தாச்சு. சின்னவன் என் விரலையும் சேர்த்துக் கடிச்சிட்டான், அதையும் எழுது.” நான் சிரித்துக்கொண்டே ஒவ்வொரு கட்டத்திலும் கோடு போடுவேன். பிறகு பிள்ளைகளின் அட்டைகளில் தேதி எழுதுவேன். சாயங்காலத்துக்குள் பதிவேடு மேற்பார்வையாளர் அம்மாவிடம் போய்ச் சேர வேண்டும்.

கடைசியாக ஒரு கட்டம் மிஞ்சும்.

“சுண்டெலிக்கு?” என்றேன், முதல் தடவை.

அக்கா கூரையைப் பார்த்தாள். “காலியா விட்டா காரணம் எழுதித் தரணும். என்னன்னு எழுத? சொந்தப் பிள்ளைக்கே பத்தலைன்னா சிரிப்பாங்க. போட்டுடு. நாளைக்கு எங்கயாவது வாங்கி ஊத்திடறேன்.”

போட்டேன். கோடு நேராக விழுந்தது. அட்டையிலும் தேதி எழுதினேன்.

ஆறு மாதம் கழித்து மறுபடியும் அதே தரை, அதே சுவர், அதே கேள்வி. மூன்றாவது தடவை நான் கேட்கக்கூட இல்லை. கேட்காமலே போட்டுவிட்டேன்.

ஒவ்வொரு வீட்டிலும் மருந்து ஊற்றும் முன் அக்கா கேட்கிற கேள்வி ஒன்று உண்டு. “பொழுது சாஞ்சதும் பிள்ளை தட்டுத்தடுமாறுதா? விளையாடாம ஒரே இடத்துல உட்கார்ந்துடுதா?” வைட்டமின் ஏ குறைந்த பிள்ளைக்கு முதலில் மங்குவது அந்திநேரப் பார்வைதான். இந்தக் கேள்வியை அவள் எத்தனை நூறு தடவை கேட்டு நான் கேட்டிருப்பேன்!

சுண்டெலிக்கு மூன்று வயது நெருங்கிக்கொண்டிருந்தது. சாயங்காலம் ஆனால் கதவோரம் போய்ச் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிடுவாள். கூப்பிட்டால் வர மாட்டாள். “மகாராணி அரியணை ஏறியாச்சு. இனிமே எழுந்திருக்க மாட்டாங்க” என்று நான் கேலி செய்வேன். அக்கா அடுப்படியிலிருந்து சிரிப்பாள். ஒருநாள் எழுந்து வந்தவள் தண்ணீர் வாளிக்குள் காலை விட்டுக் கவிழ்த்தாள். “கண்ணு என்ன பிடரியிலயா இருக்கு?” என்று அக்கா முதுகில் ஒன்று வைத்தாள். சாப்பிடும்போது தட்டுக்கு வெளியே கையால் துழாவுவாள். தூக்கம் வந்துவிட்டது என்று நினைத்தோம்.

இரண்டு பேர். ஒருத்தி அந்தக் கேள்வியைக் கேட்பதையே தொழிலாகக் கொண்டவள். இன்னொருத்தி கல்லூரியில் அறிவியல் படிக்கிறவள்.

மழைக்காலத்தில் அவளுக்கு வயிற்றுப்போக்கு பிடித்தது. பத்து நாள் நிற்கவில்லை. உப்பும் சர்க்கரையும் கலந்த நீரைப் புகட்டிப் புகட்டி ஒருவழியாக நின்றது. நின்ற மறுநாள் கண்ணைத் திறக்க மாட்டேன் என்றாள். வெளிச்சம் பட்டால் அலறினாள். தூக்கிக்கொண்டு பெரிய மருத்துவமனைக்கு ஓடினோம். மேற்பார்வையாளர் அம்மா தகவல் கேள்விப்பட்டுத் தானே வந்து, ஆளைப் பிடித்துப் படுக்கை வாங்கிக் கொடுத்தார். நல்ல மனுஷி. மருத்துவர் வரும்வரை கூடவே நின்றார்.

மருத்துவர் இளைஞர். இரண்டு நாளாகத் தூங்காதவர் மாதிரி இருந்தார். இமையை விலக்கிப் பார்த்துவிட்டு அட்டையைக் கேட்டார். தேதிகளை விரலால் தடவிக்கொண்டே போனார்.

“வைட்டமின் ஏ ஒழுங்காப் போயிருக்கு. கடைசியா ரெண்டு மாசம் முன்னாடிகூடக் குடுத்திருக்கீங்க. இல்லேன்னா அதுவா இருக்குமோன்னு யோசிச்சிருப்பேன்.”

மேற்பார்வையாளர் அம்மாவுக்குப் பெருமை தாங்கவில்லை. “இவங்களே மையத்துல வேலை பார்க்கிறவங்கதான் டாக்டர். இவங்க பதிவேடு நூத்துக்கு நூறு. ஒரு கட்டம் காலியா இருக்காது.”

“குடுத்தீங்கல்ல?” மருத்துவர் அக்காவைப் பார்த்துக் கேட்டார். சும்மா ஒரு வழக்கத்துக்குக் கேட்ட கேள்விதான்.

அக்கா மேற்பார்வையாளர் அம்மாவைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். நான் தரையைப் பார்த்தேன். ஓர் ஓடு உடைந்து, அதன் இடுக்கில் பஞ்சு ஒட்டிக்கொண்டிருந்தது.

“குடுத்தேன் டாக்டர்.”

“அப்ப இது தொற்று. சொட்டு மருந்து எழுதறேன். அந்த மருந்தைக் குடுத்ததுக்கு மேல குடுக்கவும் கூடாது.”

அவர் அடுத்த படுக்கைக்குப் போய்விட்டார். வராந்தாவில் நான் அக்காவின் கையைப் பிடித்தேன். “சொல்லிடலாமா அக்கா?”

“வேலை போயிடும்டீ. உன் படிப்பு என்னாகும்? அந்தம்மா மூஞ்சியில எப்படி முழிப்பேன்?” அவள் குரல் தாழ்ந்துவிட்டது. “சொட்டு மருந்து போடறாங்கல்ல. ரெண்டு நாள் பார்ப்போம்.”

நான் நினைத்திருந்தால் ஓடிப்போய்ச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அக்காவுக்காக வாயை மூடிக்கொண்டிருந்தேன் என்று வெகுகாலம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உண்மை அதுவல்ல. அந்த அட்டையில் இருந்தது என் கையெழுத்து.

இரண்டு நாள் பார்த்தோம்.

மூன்றாம் நாள் காலை செவிலியர் கண்ணைத் துடைக்க இமையை விலக்கினார். வலது கண்ணின் கருவிழி அவித்த முட்டையின் வெள்ளைபோல இருந்தது. நடுவில் ஒரு பள்ளம். அக்கா அந்தக் கண்ணைப் பார்த்தாள். செருப்பில்லாமல் வராந்தா முழுக்க ஓடினாள். எங்கேயோ படிக்கட்டில் போய் மருத்துவரைப் பிடித்தாள். அங்கிருந்து அவள் கத்தியது வார்டுக்குள் எனக்குக் கேட்டது.

“குடுக்கலை டாக்டர்! மூணு தடவையும் குடுக்கலை! அட்டை பொய்!”

மருத்துவர் அவளைத் திட்டவில்லை. ஓடி வந்தார். வைட்டமின் ஏ குளிகை வந்தது. செவிலியர் அதன் நுனியைக் கத்தரித்துக்கொண்டு, “கண்ணு, நாக்கை நீட்டும்மா” என்றார்.

கண்ணை மூடியபடியே சுண்டெலி நாக்கை நீட்டினாள். மஞ்சள் எண்ணெய் அவள் நாக்கில் விழுந்தது. விழுங்கிவிட்டுக் கேட்டாள்.

“பூனை இருக்காம்மா?”

இத்தனை வருடத்தில் அக்கா அழுது நான் பலமுறை பார்த்திருக்கிறேன். அப்போது அவள் அழவில்லை. “இருக்குடா” என்றாள். “பூனை இருக்கு.”

இடது கண் தப்பியது, ஓரத்தில் ஒரு வெள்ளைத் தழும்போடு. வலது கண் போய்விட்டது. வீட்டுக்கு அனுப்பும் நாளில் மருத்துவர் சொன்னார். “முதல் நாளே தெரிஞ்சிருந்தா இந்தக் கண்ணும் தப்பிச்சிருக்கலாம். தப்பிச்சிருக்கும்னு அடிச்சுச் சொல்ல மாட்டேன். ஒருவேளை.” அந்த ‘ஒருவேளை’ எங்களோடு வீட்டுக்கு வந்தது. இன்னும் போகவில்லை.

மாமா நான்கு நாள் கழித்துத்தான் வந்து சேர்ந்தார். அன்று முழுக்கத் தன் வலது கண்ணைத் துண்டால் கட்டிக்கொண்டு வீட்டுக்குள் நடந்தார். கதவில் இடித்துக்கொண்டார். தம்ளரில் தண்ணீர் ஊற்றும்போது வெளியே ஊற்றினார். சாயங்காலம் துண்டை அவிழ்த்து உதறித் தோளில் போட்டுக்கொண்டு லாரிக்குப் போய்விட்டார். அதற்குப் பிறகு அவர் அக்காவோடு வாழ்ந்தார், சாப்பிட்டார், நோயில் பார்த்துக்கொண்டார். ஆனால் அவளை ஒருநாளும் கேலி செய்து பேசவில்லை. அதுவரை அவர்கள் பேச்சில் முக்கால்வாசி கேலிதான்.

அக்கா மையத்துக்குப் போய்ப் பதிவேட்டை எடுத்து, மகளின் பெயருக்கு எதிரே மூன்று கட்டங்களிலும் சிவப்பு மையால் தன் கோழிக் கிளறல் எழுத்தில் ‘கொடுக்கவில்லை’ என்று எழுதினாள். மேற்பார்வையாளர் அம்மா தலையில் கை வைத்துக்கொண்டார்.

“நடந்தது நடந்துபோச்சு. இதை ஏம்மா எழுதற? என்னையும் சேர்த்துக் கிணத்துல தள்ளறியா?”

“பட்டியல்ல ஐம்பத்தொண்ணு, புட்டியில ஐம்பதுன்னு இதைப் பார்த்தாவது யாருக்காவது உறைக்கட்டும் மேடம்.”

விசாரணை நடந்தது. கோடு போட்டது யார் என்று கேட்டார்கள். நான் வெளியே பெஞ்சில்தான் உட்கார்ந்திருந்தேன். “நான்தான்” என்றாள் அக்கா. கிளறலான சிவப்பு எழுத்தையும் நேரான நீலக் கோட்டையும் பார்த்த யாருக்கும் சந்தேகம் வந்திருக்க வேண்டும். யாரும் மேற்கொண்டு கேட்கவில்லை. வேலை போயிற்று.

உறைக்கவும் இல்லை. அவளுக்குப் பதில் வேறொருத்தியைப் போடப் பத்து மாதம் ஆயிற்று. அதுவரை மையம் பூட்டிக் கிடந்தது. அடுத்த மருந்துச் சுற்று எங்கள் பகுதிக்கு வரவே இல்லை. ஒரு பிள்ளைக்குப் போகாதது அந்தத் தடவை ஐம்பத்தொரு பிள்ளைகளுக்கும் போகவில்லை. அக்கா உண்மையைச் சொன்னதற்குக் கிடைத்தது அது. இதை எப்படி எடுத்துக்கொள்வது என்று இந்த நாள்வரை எனக்குத் தெரியவில்லை.

அந்தப் பத்து மாதமும் அவள் வெறுங்கையோடு வீடு வீடாகப் போனாள். புட்டி இல்லை, கரண்டி இல்லை. ஒரே கேள்விதான். “பொழுது சாஞ்சதும் பிள்ளை தடுமாறுதா?” சிலர் கதவைச் சாத்தினார்கள். சிலர், “உன் பிள்ளையைப் பார்க்கத் தெரியல, எங்க பிள்ளையைப் பார்க்க வந்துட்டியா?” என்று முகத்துக்கு நேரே கேட்டார்கள். “அதனாலதான் வந்தேன்” என்பாள். இரண்டு பிள்ளைகளை அப்படிக் கண்டுபிடித்துத் தூக்கிக்கொண்டு போய்ப் பெரிய மருத்துவமனையில் மருந்து வாங்கிக் கொடுத்தாள்.

தையல்காரம்மா ஒருநாள் மெஷினை நிறுத்திவிட்டு வெளியே வந்தாள். “நான் அன்னிக்கு வாயை வச்சுக்கிட்டுச் சும்மா இருந்திருக்கலாம்” என்றாள்.

“நீ சொன்னதுல என்ன தப்பு? உன் பிள்ளைக்கு இல்லாமத்தானே போச்சு?” என்றாள் அக்கா. “அவனைக் கூப்பிடு. பொழுது சாயட்டும், நான் இருந்து பார்த்துட்டுப் போறேன்.”

பிறகு அவள் அதே பெரிய மருத்துவமனையின் சலவைக் கூடத்தில் சேர்ந்தாள். இருபத்தைந்து வருடம் அங்கே வெள்ளை விரிப்புகளை மடித்தாள். என் படிப்பு நிற்கவில்லை. அதையும் அவளே பார்த்துக்கொண்டாள்.

சுண்டெலி வளர்ந்தாள். ரொட்டிக் கடையில் மாவு பிசைகிற வேலை. பகலில் ஒரு கண்ணால் எல்லாம் செய்வாள். பொழுது சாய்ந்தால் அந்தத் தழும்புக் கண்ணும் மங்கும். தினமும் அந்த நேரத்துக்கு அக்கா அவள் முன்னால் போய் நின்று விரல்களைக் காட்டுவாள்.

“எத்தனை?”

“ரெண்டு.”

“இப்ப?”

“நாலு. கட்டை விரலை ஒளிச்சு வச்சிருக்கீங்க.”

அது அவர்களுக்குள் ஒரு விளையாட்டாகவே ஆகிவிட்டது. முப்பது வயது நெருங்க நெருங்க மகளுக்கு எண்ணிக்கை தவறத் தொடங்கியது. அதைக் கவனித்த அக்கா அதன் பிறகு எப்போதும் மூன்று விரலையே காட்டினாள். அவளுக்குச் சுலபமாக இருக்கட்டும் என்று. மகளும் எப்போதும் “மூணு” என்றே சொன்னாள். இருவருக்கும் தெரியும். இருவரும் பேசிக்கொண்டதில்லை.

சிறுநீரகம் கெட்டு அக்கா கடைசி மூன்று வாரம் படுக்கையில் கிடந்தாள். இறப்பதற்கு முந்தைய நாள் சாயங்காலம் நான் அவள் கால்மாட்டில் உட்கார்ந்திருந்தேன். சுண்டெலி கடையிலிருந்து மாவு வாசனையோடு வந்து பக்கத்தில் அமர்ந்தாள். இன்னும் விளக்குப் போடவில்லை.

“எத்தனை?” என்றாள் அக்கா. குரல் மூச்சாகத்தான் வந்தது.

“மூணும்மா.”

“சரியாச் சொல்லிட்டியே” என்று அக்கா கண்ணை மூடிக்கொண்டாள்.

அவள் இரண்டு கைகளும் போர்வைக்குள் இருந்தன.

இன்று மத்தியானம் அவள் பெட்டியை ஒழித்தோம். அடியில், பழைய சேலைத் துண்டில் சுற்றி, அந்த அட்டை. மடிப்பெல்லாம் கிழிந்து நூலால் தைத்திருந்தாள். சுண்டெலி அதைக் கண்ணுக்கு அருகில் கொண்டுபோய்ப் பார்த்துவிட்டு என்னிடம் நீட்டினாள்.

“எழுத்து பொடியா இருக்கு. என்ன எழுதியிருக்கு, படிங்க சித்தி.”

உண்மையாகவே கொடுத்த முதல் சுற்றுக்குக் கீழே இருந்த வரிகளைப் படித்தேன். தேதி, வைட்டமின் ஏ, கொடுக்கப்பட்டது. தேதி, வைட்டமின் ஏ, கொடுக்கப்பட்டது. மூன்றாவதைப் படிக்க முடியவில்லை.

“இது உங்கம்மா எழுதினது இல்ல” என்றேன். “இது என் கையெழுத்து. ஆஸ்பத்திரியிலயும் நான் பக்கத்துலதான் நின்னேன். நானும் சொல்லல.”

அவள் அட்டையைத் திரும்ப வாங்கி மடிப்பு மாறாமல் மடித்தாள்.

“அம்மா ஒருநாள்கூடச் சொன்னதில்லையே.”

“சொல்ல மாட்டா.”

“எனக்குத் தெரியக் கூடாதுன்னா? இல்ல, நீங்க கஷ்டப்படுவீங்கன்னா?”

எனக்குத் தெரியாது என்றேன். நிஜமாகவே தெரியாது. கேட்டுத் தெரிந்துகொள்ளலாம் என்றால் அக்கா இல்லை.

பேசிக்கொண்டே இருந்ததில் பொழுது சாய்ந்துவிட்டது. அறைக்குள் பெட்டியின் ஓரம் மங்கியது, அவள் முகமும் மங்கியது. விளக்குப் போட நான் எழப்போனேன்.

“உட்காருங்க சித்தி. நான் போடறேன்” என்றாள்.

எழுந்து ஒரு கையைச் சுவரில் வைத்து, ஒவ்வோர் அடியாக, சுவிட்ச் இருக்கும் இடத்தைத் தேடிக்கொண்டு போனாள். வழியில் தண்ணீர் வாளி இருந்தது. நான் சொல்ல வாயெடுப்பதற்குள் அவள் கால் அதைத் தொட்டு, நின்று, சுற்றிக்கொண்டு போனது.